கோழிக் கொட்டிலில் ஈரமும் துர்நாற்றமும்



கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசப் புகுவோர் நல்ல ஜாதிச் சேவலைப் பற்றியும், தீனியைப் பற்றியும், முட்டை விலையைப் பற்றியும் கூறுவதே வழக்கம். இன்று எடுத்துக்கொள்ளப்பட்ட விஷயம் அவற்றைக் காட்டிலும் அற்பமாகத் தோன்றக்கூடும். கொட்டிலில் தங்கும் ஈரமும், அந்த ஈரத்திலிருந்து பிறக்கும் துர்நாற்றமுமே அது. ஆயினும், கொல்லையில் பத்துக் கோழிகளை ஆசையோடு வாங்கி விட்ட குடும்பம் இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அவற்றை விற்றுவிட நேர்வதற்கு, தீனிச் செலவும் கீரிப்பிள்ளையும் மட்டுமே காரணமல்ல. அண்டை வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பதும் ஒரு காரணம். ஒரு தெருவில் ஒரு கொட்டில் நாறிவிட்டால், அத்தெருவிலுள்ள மற்றக் கோழிக்காரர்களுக்கும் அன்றே கெட்ட பெயர் ஏற்பட்டுவிடுகிறது. பிறகு அங்கே சங்கம் வைத்து முட்டை விற்பது எவ்வாறு?

கிராமத்தாருக்கு உபயோகமான இவ்விஷயத்திற்குச் சென்னைப் பட்டணத்துக் கொல்லைகளை, அதிலும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளை, உதாரணமாகக் காட்டுவது எதற்காக என்று சிலர் கேட்கலாம். கிராமத்துக் கோழி பகலெல்லாம் வயலிலும் களத்திலும் மேய்ந்துவிட்டு, இரவில் மாத்திரம் பஞ்சாரத்தின் கீழோ திண்ணை ஓரத்திலோ அடைகிறது. அதன் எச்சத்தில் பாதி வெளியில் வெயிலில் காய்ந்துபோகிறது. பட்டணத்துக் கோழிக்கு அந்த வசதி இல்லை. இரவும் பகலும் அது ஒரே கொட்டிலில் இருக்கவேண்டும். அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னல் ஆறடி தூரத்தில் திறந்திருக்கும். கொல்லைத் தரையில் துணி துவைக்கும் கல்லும், கிணறும், தென்னை மரமும் போக மிஞ்சியது சொற்பம். இத்தனை நெருக்கடியிலும் நாற்றமின்றிக் கோழி வளர்க்கக்கூடிய முறை எதுவோ, அதுவே மனை சுருங்கி வேலி நெருங்கிவரும் கிராமங்களுக்கும் ஏற்ற முறையாகும்.

இந்தப் பட்டணத்துக்கும் விவசாயக் கல்விக்கும் கோழி ஆராய்ச்சிக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. அடையாற்றங்கரையைச் சேர்ந்த சைதாப்பேட்டையில் 1860-களிலேயே சர்க்கார் விவசாயப் பரிசோதனைப் பண்ணை ஏற்பட்டது. சென்னைக் கால்நடை வைத்தியக் கல்லூரி 1903-இல் அதே சைதாப்பேட்டையில்தான் தொடங்கப்பெற்றுப் பின்னர் வேப்பேரிக்குப் போயிற்று. மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடையில் உள்ள நந்தனத்தின் பெயரைத் தாங்கிய ‘நந்தனம் கோழி’ என்ற இனத்தை, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழி ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கினார்கள் என்பதும் பலருக்குத் தெரிந்ததே.

முதலில் தரையைப் பார்க்கவேண்டும். மூன்று பகுதிகளும் அடுத்தடுத்து இருந்தபோதிலும் மண் ஒன்றல்ல. தியாகராய நகர் இருக்குமிடம் 1920-களின் தொடக்கம் வரையில் நீண்ட ஏரி என்று பெயர் பெற்ற பெரிய நீர்நிலையாக இருந்தது. அந்த ஏரியை வடித்துத்தான் நகரம் நிருமாணிக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரையின் பெயரைச் சொல்லும் சாலை ஒன்று இன்றும் உண்டு. ஏரி போய்விட்டது, ஏரி மண் போகவில்லை. களிப்பான அம்மண்ணில் மழை நீர் எளிதில் இறங்காது. அத்தகைய கொல்லையில் தரையோடு தரையாகக் கொட்டில் கட்டினால், ஐப்பசி அடைமழையில் கூளத்தின் அடியிலிருந்தே ஈரம் மேலேறிவரும். மயிலாப்பூரின் கிழக்குப் புறத்திலும் சாந்தோம் குப்பங்களிலும் மணற்பாங்கான நிலம். தண்ணீர் விரைவில் வடிந்துவிடும். அடையாற்றிலோ, ஆற்றோரத் தாழ்நிலத்திற்கு ஒரு விதி, பெசன்ட் நகர் மணலுக்கு ஒரு விதி. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து முதல் நாட்களில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்ததை மறந்தவர் இரார். அப்படிப்பட்ட வெள்ளத்தைக் கூளத்தால் தடுக்க முடியாது. ஆனால் சாதாரண மழைக்குத் தப்பவேண்டுமானால், களிமண் கொல்லையில் ஒன்றரை அடி உயரத்திற்குக் குறையாமல் செங்கல் ஜல்லியும் மணலும் இட்டு மேடை எழுப்பிய பின்பே கொட்டிலை நிறுத்தவேண்டும். அல்லது நான்கு கால்களின் மேல் தூக்கி வைக்கவேண்டும். மணற்பாங்கான கொல்லையில் முக்கால் அடி மேடை போதும்.

இடம் குறிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆகையால் பட்டணத்துக் கொல்லைகளில் கிணற்றோடு மழைநீர் இறங்கும் குழியும் இருக்கிறது. கொட்டிலைக் கழுவிய நீர் அந்தக் குழியில் இறங்குமானால், எச்சத்தின் அசுத்தம் நேரே கிணற்று நீரில் கலந்துவிடும். கொட்டிலைக் குழிக்கும் கிணற்றுக்கும் எதிர் மூலையில், வாட்டம் அவற்றிற்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி அமைப்பதே சரி.

இனி நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வோர், எச்சமே நாறுகிறது என்று எண்ணிவிடுவது இயல்பு. அது முழு உண்மையன்று. நன்றாக உலர்ந்த கோழி எச்சத்தைக் கையில் எடுத்து முகர்ந்தால் மண் வாசனைக்கு மேல் அதிகம் ஒன்றும் இராது. கோழிக்குத் தனியே சிறுநீர் கிடையாது. மற்றக் கால்நடைகள் மூத்திரமாய்க் கழிப்பதை அது எச்சத்தின் மேல் வெள்ளைப் பூச்சாக, யூரிக் அமிலமாகக் கழிக்கிறது. எச்சம் உலர்ந்துவிட்டால் அந்த அமிலம் அப்படியே கிடக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் கிருமிகள் அதனைச் சிதைத்து அம்மோனியா வாயுவாக மாற்றுகின்றன. கண்ணைக் கரிக்கும் நாற்றம் அதுவே. ஈரம் இன்னும் மிகுந்து கூளம் சேறாகிக் காற்றே நுழையாமற் போனால், அழுகிய முட்டை நாற்றம் வேறு சேர்ந்துகொள்ளும். ஆகவே நாற்றத்தோடு போர் தொடுத்துப் பிரயோஜனமில்லை. பினாயில் தெளிப்பதும் சாம்பிராணி புகைப்பதும் வீண் செலவு. தண்ணீரைத் தடுத்தால் நாற்றம் தானே நின்றுவிடும்.

தண்ணீரின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. முட்டையிடும் பெட்டைக் கோழி ஒன்று நாளொன்றுக்கு உத்தேசமாக 100 கிராம் எச்சமிடும். அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீரே. பத்துக் கோழிகளிடமிருந்து தினம் முக்கால் லிட்டர்; மாதத்திற்கு 22 லிட்டருக்கு மேல். வீட்டார் ஒருவர் மாதந்தோறும் ஒன்றரைக் குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிலில் ஊற்றினால் எப்படியோ, அப்படி. கூரையில் ஒரு துளை இல்லாவிட்டாலும், ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் இந்தத் தண்ணீர் வந்தே தீரும். இது போவதற்கு வழி ஒன்றுதான் உண்டு; அது காற்று. சென்னையில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் முடிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. அம்மாதங்களில் காற்றே நனைந்த துணிபோல் இருப்பதால் கொட்டிலின் ஈரத்தை அது வாங்கிக்கொள்ள மறுக்கிறது. மற்ற மாதங்களில் கடற்காற்று இந்த வேலையைக் கூலியின்றிச் செய்கிறது.

இதனாலேயே மழைக்காலத்தில் பலர் செய்யும் ஒரு காரியம் தீங்காய் முடிகிறது. சாரல் அடிக்கிறதென்று கொட்டிலின் நான்கு பக்கங்களையும் பிளாஸ்டிக் படுதாவினால் இறுக மூடிவிடுகிறார்கள். சாரல் நிற்கிறது என்பது மெய்யே. ஆனால் உள்ளே கோழிகள் விடும் மூச்சின் ஈரமும் எச்சத்தின் ஈரமும் வெளியேற வழியின்றிக் கூரைத் தகட்டில் முத்து முத்தாகப் படிந்து, விடியற்காலையில் மறுபடியும் கூளத்தின் மேலேயே சொட்டுகின்றன. வெளியே பெய்யும் மழைக்குப் பயந்து உள்ளே மழை பெய்வித்துக்கொள்வதற்கு ஒப்பாகும் இது. சென்னையில் மழைக் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகையால் வடக்கும் கிழக்கும் மாத்திரம் கீற்றுத் தட்டியோ சாக்குப் படுதாவோ கட்டினால் போதும். அவற்றிலும் கூரைக்குக் கீழே ஓரடி உயரம் திறந்தே இருக்கட்டும். அம்மோனியா காற்றைவிட இலேசானது; வழி விட்டால் அது மேலேறித் தானே வெளியே போய்விடும். தெற்கும் மேற்கும் கம்பி வலையோடு நிற்கலாம். கூரையை மூன்றடி வரையில் வெளியே நீட்டிவிட்டால் தட்டிக்குக்கூட அதிக வேலை இராது. தகரக் கூரையானால் அதன் மேல் தென்னங்கீற்று வேய்வது வெயிலுக்கும் நல்லது, சொட்டுவதற்கும் நல்லது.

கொட்டிலை நனைப்பதில் மழையைக் காட்டிலும் பெரிய குற்றவாளி ஒன்று உண்டு. தண்ணீர்ப் பாத்திரமே அது. வாயகன்ற மண் சட்டியில் நீர் வைத்துக் கூளத்தின் நடுவே இறக்கிவிடுவது வழக்கமாயிருக்கிறது. கோழி அதில் ஏறி நிற்கும், கிளறும், கவிழ்க்கும். சட்டியைச் சுற்றி இரண்டு முழத்திற்கு எப்போதும் சேறு. நாற்றத்தில் பெரும்பங்கு அந்த வட்டத்திலிருந்தே கிளம்புகிறது என்பதைக் குனிந்து பார்த்தவர் அறிவர். இதற்குப் பரிகாரம் எளிது. பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்திற்கு இருக்கும்படி செங்கல் அடுக்கின் மேல் வைக்க வேண்டும். பாத்திரம் குறுகியதாயிருக்க வேண்டும். ஒரு தட்டின் மேல் குடுவையைக் கவிழ்த்து வைத்து, குடிக்கக் குடிக்கத் தானே ஊறும்படி செய்வது நன்று. முடியுமானால் பாத்திரத்தைக் கொட்டிலுக்கு வெளியே வைத்து, கோழி தலையை மாத்திரம் நீட்டிக் குடிக்கும்படி கம்பிகளின் நடுவே இடைவெளி விடலாம். அப்போது சிந்துவதெல்லாம் வெளியே உள்ள ஜல்லியில் இறங்கிவிடும். பண்ணைகளில் உள்ள முலைக்காம்பு போன்ற குழாய் அமைப்பைச் சிறு கொட்டிலிலும் வைப்பதுண்டு. அது நல்ல ஏற்பாடே. ஆனால் ஒழுகுகிறதா என்று தினம் தொட்டுப் பார்க்காவிட்டால் சட்டியைவிடக் கேடு விளைவிக்கும்.

ஈரம் மழைக்காலத்து விஷயம் என்று நினைத்து அக்கினி நட்சத்திரத்தில் அஜாக்கிரதையாய் இருந்துவிடக் கூடாது. சாதாரண நாட்களில் கால் லிட்டர் வரையில் குடிக்கும் பெட்டை, கடும் வெயிலில் இரு மடங்கும் குடிக்கும். குடித்தது எச்சத்தில் வரும், எச்சம் நீர்த்துப்போகும். தியாகராய நகரில் மொட்டை மாடியில் வைத்த கொட்டில்கள் சித்திரை வைகாசியில் நாறுவதற்குக் காரணம் இதுவே. அங்கே வேண்டியது தண்ணீரைக் குறைப்பதன்று (அது கோழியைக் கொல்லும்); நிழலும் காற்றும்தான்.

தீனியிலும் ஈரத்தின் வித்து இருக்கிறது. பட்டணத்து வீடுகளில் மிஞ்சிய சாம்பார்ச் சாதமும், ஊறுகாய் பட்ட மோர்ச் சாதமும், குப்பங்களில் கருவாட்டுத் தூளும் தலையும் கோழிக்குப் போடப்படுகின்றன. கருவாடு புரதச் சத்து மிகுந்ததுதான். ஆனால் அதிலுள்ள உப்பு கோழியை ஓயாமல் தண்ணீர் குடிக்கச் செய்கிறது. புரதம் அளவுக்கு மிஞ்சினாலோ வெள்ளைப் பூச்சு அதிகமாகி அம்மோனியாவும் அதிகமாகிறது. கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழுவிக் காயவைத்துச் சிறிதளவே தீனியில் சேர்க்க வேண்டும். ஈரமான மிச்சங்களையும் சந்தைக் கீரைக் கழிவையும் கொட்டிலுக்கு வெளியே ஒரு தட்டில் வைத்து, அரை மணியில் தின்றது போக எடுத்துவிடுவது அவசியம்.

அடுத்தது கூளம். தரையின் மேல் பரப்பும் உமி, கடலைத்தோல், மர இழைப்புச் சீவல் முதலியவற்றிற்குக் கூளம் என்று பெயர். எச்சத்தின் ஈரத்தை இது வாங்கி, கோழி கிளறக் கிளறக் காற்றுக்குக் கொடுத்துவிடும். கூளத்தை அடிக்கடி மாற்றாமல், மேலே மேலே சேர்த்து ஆழ்கூளமாக வளர்க்கும் முறையை அமெரிக்காவில் ஓஹையோ விவசாயப் பரிசோதனை நிலையத்தில் கென்னார்டு என்பவரும் அவருடைய துணைவர்களும் 1940-களில் ஆராய்ந்து பரப்பினார்கள். அதற்குக் கோழி ஒன்றுக்கு மூன்று நான்கு சதுர அடி இடம் வேண்டும். தொடக்கத்தில் மூன்று அங்குலம் பரப்பி, வாரந்தோறும் சிறிது சேர்த்து ஆறு அங்குலம் வரையில் உயர்த்தலாம். கூளத்திற்குள் நுண்ணுயிர்கள் நிலைபெறுவதற்குச் சில மாதங்கள் செல்லும். ஆகையால் தை, மாசியில் தொடங்கினவர்களின் கூளம் ஐப்பசிக்குள் முதிர்ந்து நிற்கும். ஐப்பசியில் தொடங்கினவர்களுக்குச் சேறுதான் மிஞ்சும்.

எந்தக் கூளம் நல்லது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. சென்னைக்கு அருகில் செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து வரும் உமி நல்லதே. அது தண்ணீரை அதிகம் குடிக்காது, ஆனால் சீக்கிரம் உலர்ந்துவிடும். தென்னை நார்த்தூள் தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சும். அதனால் மழைக்காலத்தில் அது சிறந்ததென்று எண்ணிவிடுகிறார்கள். உறிஞ்சிய நீரை அது எளிதில் விடாது என்பதையும் நினைக்க வேண்டும். உமி இரண்டு பங்கும் நார்த்தூள் ஒரு பங்கும் கலந்தால் இரண்டின் குணமும் கிடைக்கும். தச்சுப் பட்டறைச் சீவல் நயமாய்க் கிடைத்தால் வாங்கலாம். மருந்து ஏற்றிய பலகையின் தூளும், பிளைவுட் தூளும் உதவா. பூஞ்சணம் பிடித்த எதையும், இனாமாகக் கிடைத்தாலும், உள்ளே விடக்கூடாது. அது குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும். கடற்கரைக்கு அருகில் உள்ளவர்கள் கடல் மணலைப் பரப்பிப் பார்க்கிறார்கள். அதில் படிந்துள்ள உப்பு மழைக்காலக் காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் அது உலர்வதே இல்லை. அன்றியும் கடற்கரை மணலை அள்ளுவது சட்டத்துக்கும் விரோதமாகும்.

கூளம் சரியாயிருக்கிறதா என்று அறிய யந்திரம் வேண்டுவதில்லை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரிக்க வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. சிறிதும் ஒட்டாமல் தூளாய்ப் பறந்தால் மிகவும் வறண்டது. அதுவும் கோழியின் மூச்சுக்கு ஆகாது. லேசாய் ஒட்டிப் பிறகு உதிர்ந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு ஈரம் இருக்கிறதென்று கொள்ளலாம், அதுவே வேண்டுவது. தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகிலும், கழியின் கீழும், மழைச் சாரல் படும் மூலையிலும் மூன்று பிடி எடுத்துப் பார்த்தால் குற்றம் எங்கே என்பதும் விளங்கிவிடும். கட்டி தட்டிய இடத்தை உடைத்துக் கிளறி உலர்த்துவதைவிட, அந்தப் பகுதியை மாத்திரம் வாரி வெளியேற்றிப் புதுக் கூளம் இடுவதே உத்தமம்.

மூக்கை நம்பலாமா என்றால், ஓரளவுக்கே நம்பலாம். தினந்தோறும் கொட்டிலில் புழங்குகிறவரின் மூக்கு அம்மோனியாவுக்குப் பழகி மரத்துப்போகிறது. வந்த விருந்தாளிக்குத் தெரிவது வீட்டாருக்குத் தெரிவதில்லை. மேலும் மனிதனுடைய மூக்கு தரையிலிருந்து ஐந்தடி உயரத்திலும் கோழியின் மூக்கு ஓரடிக்குள்ளும் இருக்கிறது. விடியற்காலையில் கதவைத் திறந்தவுடன் குந்தி உட்கார்ந்து, கோழி மட்டத்தில் முகர்ந்து பார்க்க வேண்டும். கண் கரித்தால் கோழிகள் இரவு முழுவதும் அதிலேயே கிடந்தன என்று பொருள். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு அம்மோனியா இருந்தாலே கோழியின் மூச்சுக்குழலுக்குக் கேடு தொடங்குகிறது. 50-க்கு மேல் நாட்கணக்கில் நீடித்தால் கண்கள் வீங்கி, நீர் வடிந்து, சில பறவைகள் குருடாகவும் கூடும். இறகில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும் கோழிக்கு அம்மை என்று எண்ணி வேப்பிலை அரைப்பதற்கு முன் கூளத்தைப் பார்ப்பது நல்லது.

கோழிகள் எச்சத்தில் ஏறக்குறையப் பாதியை இரவில் கழியின் மேல் அடைந்திருக்கும்போதே இடுகின்றன. பத்துக் கோழிக்குக் குறைவாக வைத்திருப்போருக்கு இது பெரிய அனுகூலம். கழியின் கீழே ஒரு பலகையையோ தகரத் தட்டையோ அமைத்து, அதில் சிறிது உலர்ந்த ஆற்று மணலைத் தூவி, காலையில் வாரி எடுத்துவிட்டால், அன்றாட ஈரத்தில் பாதி கூளத்தைத் தொடுவதே இல்லை. இரண்டு நிமிஷ வேலை. மற்ற உபாயங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இது ஒன்றை மாத்திரம் செய்தாலும் நாற்றம் குறைவதைக் காணலாம்.

சுண்ணாம்பைப் பற்றிப் பலருக்கும் உள்ள நம்பிக்கையைச் சிறிது திருத்த வேண்டியிருக்கிறது. நாறும் கூளத்தின் மேல் நீற்றிய சுண்ணாம்பையோ அடுப்புச் சாம்பலையோ தூவுவது நெடுநாளைய பழக்கம். இரண்டும் ஈரத்தை வாங்கும் என்பது சரியே. ஆனால் இரண்டும் காரத்தன்மை உடையவை. எச்சத்தில் உப்பாய் அடங்கிக் கிடக்கும் அம்மோனியா, காரம் பட்டவுடன் வாயுவாய்க் கிளம்பிவிடும். ஆகையால் கோழிகள் உள்ளே இருக்க, ஈரக் கூளத்தின் மேல் சுண்ணாம்பு தூவினால் அன்றிரவு நாற்றம் கூடுமேயன்றிக் குறையாது. சுண்ணாம்புக்கு உரிய காலம் வேறு. கூளம் முழுவதையும் வாரி எறிந்து, தரையைக் கழுவிக் காயவிட்ட பிறகு, வெறுந்தரையில் அதைத் தூவியும் சுவரில் அடித்தும், இரண்டு நாள் உலர்ந்தபின் புதுக் கூளம் இடலாம். வெள்ளம் புகுந்த கொட்டிலுக்கு இது மிகவும் அவசியம். நனைந்த கூளத்தைக் காயவைத்துத் திரும்பப் போடவே கூடாது. சாம்பலைத் தனியே ஒரு பெட்டியில் மணலோடு கலந்து வைத்தால் கோழிகள் அதில் புரண்டு செள்ளைத் தொலைத்துக்கொள்ளும். கூளத்தில் அம்மோனியாவை அடக்க வேண்டுமானால் அதற்கு உதவுவது சூப்பர் பாஸ்பேட் உரமே. 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 1 கிலோ வீதம், கோழிகளை வெளியே விட்டுவிட்டுத் தூவி, நன்றாய்க் கிளறிக் கலந்துவிட வேண்டும். அம்மோனியாவை அது பிடித்துக்கொள்வதோடு, எருவின் மதிப்பையும் உயர்த்தும்.

ஈரத்தால் வரும் வியாதிகளில் முதன்மையானது குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சல். நோயுற்ற குஞ்சின் எச்சத்தில் வெளிவரும் நுண்கிருமி, சூடும் ஈரமும் உள்ள கூளத்தில் ஓரிரண்டு நாளில் தொற்றும் பக்குவம் அடைந்துவிடுகிறது. உலர்ந்த கூளத்தில் அதற்கு அந்த வசதி இல்லை. ஈயும் அவ்வாறே. வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து ஈயாய்ப் பறப்பதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். ஆகையால் ஈர எச்சத்தை வாரத்திற்கு இருமுறையேனும் அகற்றுகிறவர் வீட்டில் ஈ பெருக நேரமில்லை. ஆனால் பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, கழுத்துத் திருகி, கூட்டமாய்ச் சாகிற வெள்ளைக்கழிச்சல் கூளத்தின் குற்றமன்று. அதற்குக் காலத்தில் தடுப்பு மருந்து போடுவதே வழி. தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டவும் வேண்டும்.

சங்கத்தாருக்கு நேரே லாப நஷ்டம் தரக்கூடிய இரண்டு விஷயங்கள் எஞ்சியிருக்கின்றன. முதலாவது முட்டை. ஈரக் கூளத்தில் நடந்த கால்களோடு கூட்டில் ஏறும் பெட்டை முட்டையை அழுக்காக்குகிறது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் அவற்றின் வழியே கிருமிகள் உள்ளே போய்விடும். அழுக்கு முட்டையைக் கழுவி விற்பது சமாதானமாகாது. 1920-களில், அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம புனருத்தாரண நிலையத்தில் முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்கும் ஏற்பாடு நடந்தது. அத்தகைய விற்பனைக்கு உயிர் நாடி வாங்குகிறவருடைய நம்பிக்கையே. ஒருவர் கொட்டில் ஈரமாயிருந்தால் பெட்டியிலுள்ள எல்லோர் முட்டைக்கும் விலை இறங்கும்.

இரண்டாவது எரு. நாற்றமாய் மூக்கில் ஏறுவது வேறொன்றுமன்று. பயிருக்கு வேண்டிய தழைச் சத்தே அம்மோனியாவாய்ப் பறக்கிறது. உலர்ந்து முதிர்ந்த ஆழ்கூள எருவில் நூற்றுக்கு 3 பங்கு வரையில் தழைச் சத்தும், 2 பங்கு வீதம் மணிச் சத்தும் சாம்பல் சத்தும் உண்டு. ஈரக் கொட்டிலின் எருவில் அது பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது. கொட்டிலிலிருந்து எடுத்ததை நேரே செடிக்கு இட்டால் வேர் கருகும். உலர்ந்த சருகோடு அடுக்கி, மழை படாமல் மூடி, மக்கவைத்தே இடவேண்டும். கொல்லைத் தோட்டக்காரர்களும் மாடித் தோட்டக்காரர்களும் பட்டணத்தில் பெருகியிருப்பதால், நாற்றமற்ற உலர்ந்த எருவைச் சங்கத்தின் மூலமாய்ப் பையில் அடைத்து விற்பதற்கும் இடமுண்டு.

கூளத்தைத் தனித்தனியே வாங்கினால் மழை தொடங்கினவுடன் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தேவைப்படும். ஆலைகளிலும் உமியைக் கொதிகலனுக்கு எரித்துவிடுவதால் கேட்டவுடன் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வரும் வழியில் நனைந்துவிடும். ஆவணி முடிவதற்குள் அங்கத்தினர்களின் கோழிக் கணக்கை எடுத்து, பத்துக் கோழிக்கு ஆறு ஏழு சாக்கு உமி வீதம் ஒரே லாரியில் ஏற்றிவந்து, புரட்டாசி வெயிலில் ஒரு நாள் பரப்பிக் காயவைத்து, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கிவிடுவது சங்கத்தால் ஆகக்கூடிய காரியம். சாக்குகளின் வாயைத் தைத்தே அடுக்க வேண்டும். திறந்த சாக்கில் எலி குடியேறுவதுமுண்டு; காற்றின் ஈரம் ஏறி, உமி கொட்டிலுக்குப் போகுமுன்பே பூஞ்சணம் பிடிப்பதுமுண்டு.